மேல் அளவு 138: இன்னொரு மாத்திரை தேவையா? இரத்த அழுத்தச் சிகிச்சை பற்றி அண்மைய ஆய்வுகள்

கேள்வியின் சுருக்கம் இது: தந்தைக்கு வயது 66; நெடுநாளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு; அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை மட்டும் எடுத்துவந்தார்; கடைசியாகப் பார்த்தபோது அளவு 138/84 இருந்தது. "140-க்குக் கீழே இருந்தால் போதும்" என்று இதுவரை சொல்லிவந்த அதே குடும்ப மருத்துவர், இம்முறை டெல்மிசார்டன் மாத்திரையையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். இது தேவைதானா, பிரஷர் மாத்திரையை இரவில் எடுத்தால் கூடுதல் நன்மை என்பது உண்மையா, சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாமா, வீட்டிலிருக்கும் 84 வயதுப் பாட்டிக்கும் இதே கணக்குத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவர் தம் பேச்சை மாற்றிக்கொண்டதில் தவறில்லை. அவர் சான்றுகளைப் பின்தொடர்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த பத்தாண்டுகளில், குறிப்பாக 2021-க்கும் 2025-க்கும் இடையில், குடும்ப மருத்துவர் அன்றாடம் பார்க்கும் நோய்களில் இரத்த அழுத்தத்தைப் போல் இத்தனை பெரிய ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்த நோய் வேறு ஏதும் அநேகமாக இல்லை. ஆனால் அந்த 138 எப்படி அளக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் மாத்திரையைப் பற்றி முடிவுசெய்ய முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் 140 என்ற எல்லை ஏன் அசைந்தது என்று பார்ப்போம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவருவதால் பயன் உண்டா என்று முதலில் பெரிய அளவில் சோதித்தது அமெரிக்காவில் நடந்த அக்கார்ட் ஆய்வு. 2010-இல் வெளியான அதில் 4,733 பேர் பங்கேற்றார்கள். பக்கவாதம் ஏறத்தாழ 41 விழுக்காடு குறைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறியதாக இருந்தது. "சர்க்கரை நோயாளிக்கு 140 போதும்" என்ற வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியதற்கு இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். அக்கார்ட் தோற்றுவிட்டது என்று பலர் சொன்னார்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவானவர்களுக்கே பாதிப்பு நேர்ந்ததால், உண்மையான பயன் இருந்திருந்தாலும் அதை உறுதியாகக் காட்டும் வலு அந்த ஆய்வுக்கு இல்லாமல் போனது என்பதே சரியான விளக்கமாக எனக்குப் படுகிறது.

ஐந்தாண்டுகள் கழித்து, 2015 நவம்பரில், ஸ்பிரின்ட் ஆய்வின் முடிவு வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய, இதயநோய்க்கான வாய்ப்பு அதிகமுள்ள, ஆனால் சர்க்கரை நோயோ முன்பு பக்கவாதமோ இல்லாத 9,361 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 120-க்குக் கீழும் மற்றொரு பிரிவினருக்கு 140-க்குக் கீழும் இலக்கு வைத்தார்கள். சராசரியாக மூன்றேகால் ஆண்டுகளில் இதயநோய், பக்கவாதம் முதலிய பாதிப்புகள் கால்பங்கு குறைந்தன. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்கள் 27 விழுக்காடு குறைந்தன. வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், திட்டமிட்ட காலத்துக்கு முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்காத ஆய்வு என்பதால், உங்கள் தந்தையைப் போன்றவர்களின் மருத்துவர்கள் இதைக் கொண்டு எதையும் மாற்ற முடியவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவை பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த ஆய்வுகள். 60 முதல் 80 வயது வரையிலான 8,511 பேரிடம் நடந்த ஸ்டெப் ஆய்வு 2021-இல் வெளியானது. 130-க்குக் கீழ் இலக்கு வைத்த பிரிவில் 3.5 விழுக்காட்டினருக்கும், 150-க்குக் கீழ் இலக்கு வைத்த பிரிவில் 4.6 விழுக்காட்டினருக்கும் பாதிப்பு ஏற்பட்டது. 2024-இல் வந்த எஸ்பிரிட் ஆய்வு, சர்க்கரை நோயாளிகளையும் பக்கவாதம் கண்டவர்களையும் விலக்காமல், 11,255 பேரிடம் 120-ஐயும் 140-ஐயும் ஒப்பிட்டது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பாதிப்பு 9.7 விழுக்காடு, மற்றதில் 11.1 விழுக்காடு. பிறகு அதே ஆண்டு நவம்பரில் வந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் பி.பி.ரோட் ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள, ஐம்பது வயதைக் கடந்த 12,821 பேரை 145 மையங்களில் சேர்த்து, சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். முதலாண்டு முடிவில் ஒரு பிரிவின் சராசரி மேல் அளவு 121.6, மற்றதில் 133.2. முதன்மைப் பாதிப்புகள் 21 விழுக்காடு குறைந்தன. அக்கார்ட் ஆய்வில் தெளிவாகத் தெரியாமல் போனது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆட்களைக் கொண்ட இந்த ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது.

இந்த விழுக்காடுகளைக் கேட்டு மயங்கிவிடவும் கூடாது. 21 விழுக்காடு என்பது ஒப்பீட்டுக் குறைவு. அதே பி.பி.ரோட் முடிவை வேறு விதமாகச் சொன்னால், நூறு பேரை ஓராண்டு பின்தொடரும்போது தீவிரச் சிகிச்சைப் பிரிவில் 1.65 பேருக்கும் வழக்கமான பிரிவில் 2.09 பேருக்கும் பாதிப்பு நேர்ந்தது. அதாவது ஆயிரம் பேர் ஓராண்டு கடுமையான இலக்கோடு சிகிச்சை பெற்றால், நான்கைந்து பேருக்கு வரவிருந்த மாரடைப்போ பக்கவாதமோ வராமல் போகிறது. இது சிறிய எண்தான்; ஆனால் பிரஷர் மாத்திரை ஓராண்டோடு முடிகிற சிகிச்சை அன்று, இருபது ஆண்டு தொடர்கிற சிகிச்சை. தட்டின் மறுபக்கத்தில், தாழ்வழுத்த அறிகுறிகளும் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்வதும் தீவிரப் பிரிவில் கூடுதலாக இருந்தன. ஸ்பிரின்ட்டிலும் மயக்கம், சிறுநீரகச் செயல்பாட்டில் திடீர் இறக்கம், உப்புச்சத்துச் சமநிலைக் குலைவு ஆகியவை அதிகரித்தன. எஸ்பிரிட்டில் மயங்கி விழுந்தவர்கள் 0.4 விழுக்காடு, மற்ற பிரிவில் 0.1.

இந்தச் சான்றுகளையெல்லாம் வைத்துக்கொண்டும் வல்லுநர் குழுக்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஐரோப்பிய இதயவியல் சங்க வழிகாட்டுதல், தாங்கக்கூடியவர்களுக்கு மேல் அளவு 120-க்கும் 129-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த அமெரிக்க இதயச் சங்கங்களின் வழிகாட்டுதல் 130/80-க்குக் கீழ் என்ற பழைய இலக்கைத் தக்கவைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பொதுவாக 140/90-க்குக் கீழும், இதயநோய் உள்ளவர்களுக்கு மேல் அளவு 130-க்குக் கீழும் என்றது. அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களின் கழகமோ 2022-இல், 140/90 என்பதே பொது இலக்கு, அதற்கும் கீழே 135/85 வரை கொண்டுவருவதை மாரடைப்பைக் குறைக்கும் நோக்கில் நோயாளியோடு பேசி முடிவுசெய்யலாம் என்று சற்றே விலகி நின்றது. இதயவியல் வல்லுநர்களைவிடக் குடும்ப மருத்துவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு: மாத்திரை கூடியதால் தலைசுற்றி விழுந்தவரும், மாதச் செலவு கூடியதால் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டவரும் முதலில் வந்து நிற்பது அவர்களின் அறையில்தான். ஆயினும் அந்த 2022 முடிவு எஸ்பிரிட்டுக்கும் பி.பி.ரோட்டுக்கும் முந்தியது, சர்க்கரை நோயுள்ள 66 வயதுக்காரர் நடமாட்டத்தில் தளர்ச்சி இல்லாதவராக இருந்தால், 130-க்குக் கீழ் என்ற இலக்கு இன்று நியாயமானது என்பதே என் கருத்து. 120 வரை விடாப்பிடியாகத் துரத்த வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பக்கவிளைவு இல்லாமல் தானாக அங்கே வந்து நின்றால் மாத்திரையைக் குறைக்கவும் வேண்டியதில்லை.

இனி அந்த 138. மேலே சொன்ன ஆய்வுகளில் இரத்த அழுத்தத்தை எப்படி அளந்தார்கள் என்பதை நம் மருத்துவமனை நடைமுறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிது. ஸ்பிரின்ட்டில் நோயாளி முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு தானியங்கிக் கருவி மூன்று முறை அளக்கும். அவற்றின் சராசரியே கணக்கு. நம் ஊரிலோ டோக்கன் எண் அழைத்தவுடன் எழுந்து ஓடிவந்து நாற்காலியில் அமர்ந்த கணமே கையில் பட்டை சுற்றப்படுகிறது. அளக்கும்போதே மருத்துவர் கேள்வி கேட்கிறார், நோயாளி பதில் சொல்கிறார். இப்படி எடுத்த அளவு, முறையாக எடுத்த அளவைவிடப் பல புள்ளிகள் கூடுதலாக இருப்பது வழக்கம். ஆய்வின் இலக்கை எடுத்துக்கொண்டு ஆய்வின் அளவீட்டு முறையை விட்டுவிட்டால், தேவையில்லாதவருக்கும் மாத்திரை சேரும்.

கை எங்கே இருக்கிறது என்பதும் சிறிய விஷயம் அன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 133 பேரிடம் நடந்து 2024 அக்டோபரில் வெளியான ஆய்வில், ஒரே ஆளின் கையை மூன்று நிலைகளில் வைத்து அளந்து பார்த்தார்கள். மேசைமேல் இதய மட்டத்தில் கை இருந்தபோது கிடைத்த அளவோடு ஒப்பிட, கையை மடியில் வைத்தபோது மேல் அளவு சராசரியாக 3.9 புள்ளி கூடியது. பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 புள்ளி கூடியது. உங்கள் தந்தையின் கை மடியில் இருந்திருந்தால், 138 என்பது உண்மையில் 134-ஆக இருந்திருக்கலாம். பட்டையின் அளவிலும் இதே சிக்கல் உண்டு. 2023-இல் வந்த மற்றோர் ஆய்வின்படி, பெரிய பட்டை தேவைப்படும் கைக்கு வழக்கமான பட்டையைப் போட்டால் மேல் அளவு சராசரியாக 4.8 புள்ளியும், மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருமனான கைக்கு அதே வழக்கமான பட்டையைப் போட்டால் 19.5 புள்ளியும் பொய்யாகக் கூடுகின்றன. பத்தொன்பதரைப் புள்ளி என்பது இரண்டு மாத்திரைகளின் வேலை. கடையில் வாங்கும் கருவியோடு வரும் பட்டை எல்லாக் கைக்கும் பொருந்தாது. மேற்கையின் சுற்றளவைத் தையல் நாடாவால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் அது வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஒரு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்னும் மாலையிலும் வீட்டில் இரண்டிரண்டு முறை அளந்து, முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு, மீதியின் சராசரியை எழுதிக்கொண்டு போவது. காப்பி குடித்தோ படியேறியோ அரை மணி நேரத்துக்குள் அளக்கக் கூடாது. சிறுநீர் வந்தால் போய்விட்டு வந்து அளக்க வேண்டும். மருத்துவமனையின் 140/90-க்கு ஈடானது வீட்டில் 135/85 என்று கொள்வது வழக்கம். வீட்டுச் சராசரி 130-ஐ ஒட்டியோ மேலோ இருந்தால், மருத்துவர் சேர்த்த மாத்திரைக்கு நியாயம் உண்டு. 122, 124 என்று வந்தால், மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், அந்தத் தாளை அவரிடம் காட்டிப் பேசுங்கள்.

அம்லோடிபினையே 10 மில்லிகிராம் ஆக்கியிருக்கலாமே, இன்னொரு மருந்து எதற்கு என்ற கேள்வி பலருக்கும் எழும். மாத்திரையின் எண்ணிக்கை கூடினால் நோய் முற்றிவிட்டது என்று நம் வீடுகளில் ஓர் அச்சம் இருக்கிறது. ஆய்வுகள் சொல்வது இதற்கு நேர்மாறு. 2009-இல் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதே, ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்தைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் இறக்கம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று தெரிந்தது. ஒரு வழியை மட்டும் அடைத்தால் உடல் வேறு வழியில் அழுத்தத்தை ஏற்றப் பார்க்கும். இரு வழிகளைச் சிறிது சிறிதாக அடைத்தால் பலன் கூடும், பக்கவிளைவு அதிகரிக்காது. அம்லோடிபின் அளவு ஏற ஏறக் கணுக்கால் வீக்கம் வருவது நீங்கள் அறிந்திருக்கக்கூடியது. டெல்மிசார்டன் வகை மருந்து உடன் சேரும்போது அந்த வீக்கமே குறைகிறது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருந்தால், அதைக் குறைக்கும் குணமும் இந்த வகை மருந்துக்கு உண்டு. எனவே மருத்துவரின் தேர்வு பொருத்தமானது.

தெற்காசியர்களிடமே சோதித்த சான்றும் இப்போது இருக்கிறது. இந்தியாவில் 32 மையங்களில் 1,981 பேரிடம் நடந்த டாப்ஸ்பின் ஆய்வு, இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒற்றை மாத்திரைகள் மூன்றை ஒப்பிட்டது: அம்லோடிபின்-பெரிண்டோப்ரில், பெரிண்டோப்ரில்-இண்டாபமைடு, அம்லோடிபின்-இண்டாபமைடு. தெற்காசியர்களுக்கு இவற்றில் ஒன்று மற்றொன்றைவிட நன்றாக வேலை செய்யும் என்ற ஊகம் பொய்த்தது. மூன்றும் ஆறு மாதத்தில் 24 மணி நேரச் சராசரியை ஏறத்தாழ 14/8 புள்ளி இறக்கின. பத்தில் ஏழு பேருக்கு 140/90-க்குக் கீழ் வந்தது. எந்தக் கூட்டு என்று வாதிடுவதைவிட, ஏதேனும் ஒரு கூட்டைத் தொடங்கி விடாமல் எடுப்பதே முக்கியம் என்று இதைப் படிக்கிறேன்.

இலங்கையில் நடந்த ட்ரையம்ஃப் ஆய்வு இதைவிட ஒரு படி துணிச்சலானது. டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் என மூன்று மருந்துகளை வழக்கமான அளவில் பாதியாக்கி ஒரே மாத்திரையில் வைத்து, 700 பேரில் பாதிப் பேருக்கு அதைத் தொடக்கத்திலேயே கொடுத்தார்கள்; மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாத முடிவில் இலக்கை எட்டியவர்கள் முதல் பிரிவில் 70 விழுக்காடு, மற்றதில் 55 விழுக்காடு; பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. 2018-இல் வெளியான இந்த முடிவு, அரைகுறை அளவில் மூன்று மருந்து என்பது அதிகச் சிகிச்சை என்ற எண்ணத்தை மாற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூட்டுப் பிரஷர் மாத்திரைகளை அடிப்படை மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் தந்தைக்கு இரண்டு மாத்திரைகளும் தொடர்வதாக முடிவானால், இரண்டும் ஒன்றாக உள்ள ஒரே மாத்திரையாக எழுதித் தரக் கேட்கலாம். டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்தது நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது.

பின்னாளில் மூன்றாவதாகச் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை தேவைப்பட்டால் எது என்ற சர்ச்சைக்கும் ஒரு விடை வந்துவிட்டது. குளோர்தாலிடோன்தான் சிறந்தது என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 65 வயதைக் கடந்த 13,523 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், மற்றொரு சிறுநீர்ப்பெருக்கியான ஹைட்ரோகுளோரோதயசைடோடு ஒப்பிட இதயப் பாதிப்பில் வேறுபாடு இல்லை. பொட்டாசியம் குறைவது மட்டும் குளோர்தாலிடோனில் சற்று அதிகம்.

இரவா காலையா என்பதற்குச் சுருக்கமான பதில்: எப்போது எடுத்தால் மறக்காதோ அப்போது. இரவில் எடுத்தால் இதயப் பாதிப்பு 45 விழுக்காடு குறைகிறது என்று 2019-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஹைஜியா ஆய்வு சொன்னது. அந்தச் செய்தி இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எந்த மருந்தின் நேரத்தை மாற்றினாலும் கிடைக்க முடியாத அளவுக்குப் பெரிய பலனாக அது இருந்ததால், ஆய்வு நடத்தப்பட்ட முறை பற்றியே வல்லுநர்கள் ஐயம் எழுப்பினார்கள். பிரிட்டனில் 21,104 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த டைம் ஆய்வு 2022-இல் வந்தது: இரவுப் பிரிவில் பாதிப்பு 3.4 விழுக்காடு, காலைப் பிரிவில் 3.7 விழுக்காடு, கருத்தில் கொள்ளத்தக்க வேறுபாடு இல்லை. கனடாவின் குடும்ப மருத்துவர்கள் தங்கள் நோயாளிகள் 3,357 பேரிடமே நடத்திய பெட்மெட் ஆய்வும் 2025-இல் அதே முடிவைத் தந்தது. இரவில் எடுப்பதால் கெடுதலும் தெரியவில்லை. சிறுநீர்ப்பெருக்கி மட்டும் விதிவிலக்கு. அதை இரவில் எடுத்தால் தூக்கத்தில் எழுந்து நடக்க வேண்டிவரும், முதியவர்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில்தான் விழுகிறார்கள்.

சோடியம் குறைந்த உப்பைப் பற்றிய கேள்வி, கேட்டவர் நினைப்பதைவிட முக்கியமானது. உங்கள் தந்தையைப் பொறுத்தவரை ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில், முன்பு பக்கவாதம் கண்டவர்கள் அல்லது இரத்த அழுத்தமுள்ள 60 வயது கடந்தவர்கள் என 20,995 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. பாதிக் கிராமங்களுக்கு, நான்கில் மூன்று பங்கு சோடியம் குளோரைடும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் 14 விழுக்காடும், மொத்த மரணம் 12 விழுக்காடும் குறைந்தன. உப்பை மாற்றியதற்கு இவ்வளவு பலனா என்று வியக்கத்தான் வேண்டும். சீனக் கிராமங்களில் உப்பு பெரும்பாலும் வீட்டுச் சமையலில் சேர்வதே இதற்குக் காரணம். மேலை நாடுகளைப் போல் பொட்டல உணவிலிருந்து அன்று. நம் சமையலும் அப்படித்தான். தெலங்கானாவின் சித்திப்பேட்டைப் பகுதிக் கிராமங்களில் 502 பேரிடம் நடந்த சிறிய ஆய்விலும் இவ்வகை உப்பு மேல் அளவை 4.6 புள்ளி குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது. இந்தியர்களின் சராசரி 8 கிராமைத் தொடுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என்று தொட்டுக்கொள்பவை இதில் பெரும்பங்கு என்று எல்லோரும் குற்றம் சாட்டுகிறோம். சாம்பாரிலும் குழம்பிலும் சோற்றிலும் சேரும் உப்பை மறந்துவிடுகிறோம்.

ஆனால் அந்த உப்பில் இருப்பது பொட்டாசியம். டெல்மிசார்டன் வகை மருந்து, சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கிறது. நாட்பட்ட சர்க்கரை நோய் சிறுநீரகத்தைப் பாதித்திருந்தால் அதுவும் பொட்டாசியத்தைத் தேக்குகிறது. மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் அளவுக்குப் பொட்டாசியம் ஏறக்கூடும். சீன ஆய்விலேயே கடுமையான சிறுநீரக நோயுள்ளவர்களையும் பொட்டாசியம் தேக்கும் மாத்திரை எடுப்பவர்களையும் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகப் பாதிப்புள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றது. எனவே தந்தையின் இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பரிசோதிக்கப்படும்வரை அந்த உப்புப் பொட்டலம் சமையலறைக்குள் வர வேண்டாம். புதிய மாத்திரை தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் எப்படியும் இந்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். மருத்துவர் எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மருத்துவரின் ஒப்புதலோடு மாறலாம். அதுவரை சாதாரண உப்பையே குறைத்துப் போடுவதில் எந்த ஆபத்தும் இல்லை.

கிரியாட்டினின் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகை மாத்திரை தொடங்கியதும் அது சற்று ஏறுவது எதிர்பார்க்கத்தக்கதே. முன்பிருந்த அளவிலிருந்து 30 விழுக்காடு வரை ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. "பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று சொல்லி நிறுத்தச் சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சிறுநீரகம் மிகவும் தளர்ந்த 411 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இந்த மருந்துகளை நிறுத்தியதால் சிறுநீரகச் செயல்பாடு தேறவில்லை.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுக்கப்பட்ட மாநில அளவிலான கணக்கெடுப்பின்படி, வயதுவந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு, அதாவது 33.9 விழுக்காட்டினருக்கு, உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 விழுக்காட்டினருக்கு மட்டும். அந்தக் கட்டுப்பாடு என்பதே 140/90-தான். 120-ஆ 130-ஆ என்று மருத்துவ மாநாடுகளில் நடக்கும் விவாதம், அந்த ஏழு பேருக்கு உரியது. மீதி தொண்ணூற்று மூன்று பேருக்குத் தேவை மாதந்தோறும் மாத்திரை கைக்கு வந்து சேர்வது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இடத்தைத்தான் தொட்டது. வீடு தேடிச் செல்வதால் பயன் உண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் அளந்து அறிவுரை சொன்ன பிரிவில் மேல் அளவு 5.2 புள்ளி கூடுதலாக இறங்கியது. சீனாவின் 326 கிராமங்களில் 33,995 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், முழுமையான மருத்துவப் பட்டம் இல்லாத கிராம வைத்தியர்களுக்குப் பயிற்சியும் எளிய நெறிமுறையும் கொடுத்தே ஒன்றரை ஆண்டில் 57 விழுக்காட்டினரை 130/80-க்குக் கீழ் கொண்டுவந்தார்கள். மற்ற கிராமங்களில் அது 20 விழுக்காட்டுக்கும் குறைவு. மூன்றாண்டில் இதயப் பாதிப்புகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நான்காண்டில் மறதி நோயும் 15 விழுக்காடு குறைந்ததாக 2025-இல் வெளியிட்டார்கள். வல்லுநரின் கைராசியைவிட ஒழுங்கான வழங்கல் அதிகம் சாதிக்கிறது.

பாட்டியின் கணக்கு வேறு. எண்பது வயதைக் கடந்தாலே இலக்கைத் தளர்த்த வேண்டும் என்பதில்லை. ஸ்பிரின்ட்டில் 75 வயதைத் தாண்டிய 2,636 பேருக்கும் பலன் கிடைத்தது. ஆனால் முதியோர் இல்லங்களில் இருந்தவர்களையும், எழுந்து நின்றால் மேல் அளவு 110-க்குக் கீழ் போகிறவர்களையும் அதில் சேர்க்கவே இல்லை. எனவே வயதைக் கேட்பதற்கு முன் பாட்டி தானாக நடக்கிறாரா, அண்மையில் விழுந்தாரா, எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் அளந்துவிட்டு, நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் மாத்திரையைக் கூட்டுவது பற்றிப் பேச்சே வேண்டாம். பிரிட்டனில் 80 வயதைக் கடந்த 569 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஒரு மாத்திரையைக் குறைத்த பிறகும் 86 விழுக்காட்டினருக்கு மூன்று மாத முடிவில் மேல் அளவு 150-க்குக் கீழேயே இருந்தது. ஆனால் குறைத்தால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையும் தேவையில்லை. பிரான்ஸின் முதியோர் இல்லங்களில், பல பிரஷர் மாத்திரைகள் எடுத்துக்கொண்டு மேல் அளவு 130-க்குக் கீழ் இருந்த, தளர்ந்த 1,048 முதியவர்களுக்கு மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். 2025-இல் வந்த முடிவில், குறைத்த பிரிவில் 61.7 விழுக்காட்டினரும் குறைக்காத பிரிவில் 60.2 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். அதாவது அத்தகைய தளர்ந்த நிலையில் மாத்திரையைக் குறைப்பதால் உயிருக்கு நன்மையும் இல்லை, தெளிவான கேடும் இல்லை. தலைசுற்றலோ விழுவதோ மாத்திரை விழுங்குவதே சிரமமாக இருப்பதோ உண்டென்றால், ஒன்றை நிறுத்திப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதற்கு அச்சப்பட வேண்டியதில்லை. பாட்டிக்கு இவை ஒன்றும் இல்லை, கோலம் போட்டுக் கோவிலுக்கும் நடந்து போய்வருகிறார் என்றால், இப்போது எடுக்கும் மாத்திரையை வயதைக் காரணம் காட்டி யாரும் நிறுத்த வேண்டாம்.